எஸ்தர் அக்கா கடைக் கணினிகள்

எஸ்தர் அக்கா போன செய்தியைப் பிள்ளையார்பாளையத்தில் சேலை டிசைன் போடும் குமார்தான் போனில் சொன்னார். "காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு சார்." துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இனி அவரிடம் சொல்லவே முடியாது என்ற பயம்.

செவிலிமேட்டில் அவர் கடையை அறிந்தவர்களுக்கு அவருடைய வாயும் தெரியும். தாமே கணினி அசெம்பிள் செய்து விற்பார். ஊரே ஒரு பெரிய கம்பெனியின் ப்ராசஸரைக் கேட்க, அவர் மட்டும் இன்னொரு கம்பெனியுடையதைப் போடுவார். "ஒருத்தனே கடை போட்டா அவன் வெச்சதுதான் சட்டம். ரெண்டு பேரு இருக்கட்டும்பா" என்பார்.

பார்டரும் முந்தானையும் வரைவதற்கான மென்பொருள் எழுதுகிறவன் நான். அதை வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நீங்க எந்த மிஷின்ல எழுதுறீங்க?" என்பதைத்தான். என்னிடம் இருப்பதையே அவர்களும் வாங்குவார்கள். என்னிடம் இருந்தது பெரிய கம்பெனியுடையது. அக்கா ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்துச் சிரித்தார். "அவங்களுக்கு விளம்பரமே வேணாம், நீ ஒருத்தன் போதும். ஒரு தடவ என் மிஷின்லயும் ஓட்டிப் பாரேன்பா." பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

பிறகு புகார் வந்தது. "அக்கா கடை மிஷின்ல மட்டும் முந்தானை போட்டா அப்படியே நின்னுக்கினு இருக்குது சார்" என்றார் குமார். ப்ராசஸர் சரியில்லை என்று கூசாமல் சொன்னேன். அவரும் இன்னும் பலரும் கணினியை மாற்றிக்கொண்டார்கள். சில மாதம் கழித்து வேறெதையோ திருத்தும்போது, நானே எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது. பெரிய கம்பெனியின் ப்ராசஸர் இல்லையென்றால் மெதுவான வழியில் போ என்றது அது. அக்கா கடைக் கணினிகளில் முந்தானை நின்றது அதனால்தான். சோதித்துப் பார்க்க மற்ற ப்ராசஸர் என்னிடம் இல்லாததால், இப்போதைக்கு இருக்கட்டும் என்று போட்டு மறந்திருந்தேன். வரியை நீக்கிப் புதிய பதிப்பை அனுப்பினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குள் அக்காவும் பெரிய கம்பெனியின் ப்ராசஸருக்கே மாறியிருந்தார்.

அடக்கம் முடிந்ததும் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க சாப்ட்வேர்லதான் கோளாறுன்னு நான் சண்டைக்கு வரப் பார்த்தேன் சார். அவதான் விடல. 'அந்தத் தம்பி ஓட்டிப் பாக்காம சொல்லாது, நான் மாட்டுனதுலதான் ஏதோ தப்பு'ன்னு சொல்லிக்கினே இருந்தா."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அங்கேயும் சொல்லவில்லை. அதனால் அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். அக்கா மாட்டியதில் ஒரு தப்பும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அது எனக்குச் சேரவேண்டியதல்ல.