ஐந்தாவது கதிரைக்குச் சோறு

இது நடந்தது. மண்டபத்தின் கதவு இலக்கத்தைக்கூடச் சொல்லிவிடலாம். சொன்னால் மண்டபத்துக்காரர் வழக்குப் போடுவார்கள். அதனால் மொன்றியல் டவுன்டவுன், பச்சை மெட்ரோப் பாதைக்குப் பக்கத்தில் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். 2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: இது பின்னேரம் நாலு மணி ஆவதற்கு முன்பே வந்தது. சம்பந்தப்பட்ட சமையல்காரன் வசீகரன் இன்றும் உயிரோடு இருக்கிறான். குடிப்பதில்லை. கற்பனை என்பது அவனுடைய பரம்பரையிலேயே கிடையாது.

வசீகரனுக்கு வயது நாற்பத்தொன்று. பதினொரு வருஷம் ஓர் உணவகக் குசினியில், கோபம் வந்தால் சட்டியால் எறிகிற தலைமைச் சமையல்காரனுக்குக் கீழே நின்றவன். இடது காதுக்குப் பின்னால் தழும்பு இருக்கிறது, பார்க்கலாம். அந்த வேலையை உதறிவிட்டு, நகரத்தின் வடக்கே அஹுன்ட்சிக்கில் இருக்கிற வீட்டில் மனைவி துஷாந்தினியோடு சேர்ந்து விழாக்களுக்குச் சமைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தான். இந்த மண்டபத்துக்குப் பாட வரும் குழுக்களுக்குச் சாப்பாடு போடுகிற வேலை கிடைத்தால் பிழைத்தான். கிடைக்காவிட்டால் திரும்பவும் சட்டிக்காரனிடம்தான். மண்டபப் பொறுப்பாளர் மொனிக் அவனுக்கு ஒரு பொன்ஜூர் கூடச் சொல்லவில்லை. "இன்றைக்கு ஒரு முறைப்பாடு வந்தாலும் இனி நீ வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று பாட வந்தவர்கள் 'டிம் லாட்ஜர்ஸ்' என்ற ராக் குழு. இங்கிலாந்தின் ஹல் நகரத்துக்காரர்கள். சோறு வேகும் நேரத்தில் வசீகரன் அவர்களுடைய வரலாற்றைக் கைபேசியில் வாசித்துவிட்டான். 1993இல் மீன் குளிரூட்டுகிற கிடங்கு ஒன்றில் ஐந்து பேராகத் தொடங்கினார்கள். முதல் இசைத்தட்டை அவர்களுடைய சொந்தக்காரரே வாங்கவில்லை. இரண்டாவதைக் கேட்டுக் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் நாடு முழுக்க அழுதார்கள். மூன்றாவதோடு அமெரிக்கா, கனடா என்று பேருந்தில் சுற்றும்போது, 1998இல், ட்ரம்ஸ்காரன் கொலின் செத்துப்போனான். எப்படி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பிறகு ஆறு ட்ரம்ஸ்காரர்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஒருவன் பாட்டின் நடுவில் எழும்பிப் போனவன் போனவன்தான். மற்ற நாலு ட்ரம்ஸ்காரரும் தங்களுக்கு நடந்ததைப் பற்றிக் கதைப்பதில்லை. 2004இல் குழு பிரிந்தது. 2016இல் திரும்பச் சேர்ந்தபோது நாலு கிழவர்கள் மட்டும் மிச்சம்.

குழு அனுப்பிய பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. சூடான சாப்பாடு. காளான் கூடாது. வெள்ளைத் துவாய் எட்டு. கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்:

மேசையைச் சுற்றி ஐந்து கதிரை. ஐந்தாவதற்கு முன்னால் வெறுந்தட்டு. அதில் எதையும் பரிமாறக் கூடாது.

மேடையில் பெட்டி தூக்குகிற ஜெனாட் மன்னார்க்காரர். அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. வசீகரன் அவரைக் கேட்டான்.

"அண்ணை, உவங்கள் நாலு பேர்தானே. அஞ்சாவது கதிரை ஆருக்கு?"

"அந்தச் செத்த ட்ரம்ஸ்காரனுக்கு. எல்லா ஊரிலயும் வைக்கிறவங்களாம்."

"செத்தவனுக்கு வெறுந்தட்டோ?"

"வெள்ளைக்காரன்ர துக்கம் அப்பிடித்தான். நீ எழுதினபடி செய், தம்பி. மொனிக் கண்ணுக்கை எண்ணெய் விட்டுக்கொண்டு நிக்கிறாள்."

வசீகரனும் எழுதினபடிதான் செய்தான். மேடைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டு அறையில் ஐந்து கதிரை போட்டான். வெறுந்தட்டை வைத்தான். வைத்துவிட்டு அப்பால் போக முடியவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் செத்தவர்களுக்கு என்று இலை போட்டால் சோறு, கறி எல்லாம் படைத்து, அவர்கள் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவையும் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். வெறும் இலையைப் போட்டுச் செத்தவனைப் பார்த்துக்கொண்டிரு என்பது எதிரிக்கும் செய்யாத காரியம். செத்து இருபத்தாறு வருஷமாகியும் ஊர் ஊராக ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து வெறுந்தட்டுக்கு முன்னால் இருத்துகிறார்களே என்று அவனுக்குக் கோபமே வந்தது.

ஒரு கை சோறு. ஒரு கரண்டி பருப்பு. இரண்டு துண்டுக் கோழி.

அவர்கள் வர முதல் கழுவி வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். கதவைச் சாத்தினான். மணி 3.41.

3.46. நடைபாதையில் நின்றபோது காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. தம்… தம்… தம்…

"ட்ரம்ஸ் தொடங்கிட்டாங்கள் போல" என்றான்.

"இவங்களிட்ட ட்ரம்ஸ் ஏது?" என்றார் ஜெனாட். "எல்லாம் மெஷின். அதை நான் இன்னும் பெட்டியால எடுக்கேல்லை."

"அப்ப இந்தச் சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

ஜெனாட்டின் காது முப்பது வருஷம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கிடந்த காது. அதை நம்ப முடியாது என்று வசீகரன் தன்னைத் தேற்றிக்கொண்டான். ஜெனாட் அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனார்.

3.49. சத்தம் நிலத்திலிருந்து வரவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. இப்போது வேறு மாதிரி. டக்… டக் டக்… டக்… தட்டின் விளிம்பில் கரண்டியால் தட்டுகிற சத்தம்.

பசித்தவன் தட்டுகிற சத்தம்.

3.51. கதவைத் திறந்தான்.

சத்தம் நின்றது.

தட்டு கழுவி வைத்தது போல இருந்தது. ஒரு பருக்கை இல்லை. கோழி எலும்பும் இல்லை.

வெள்ளை மேசை விரிப்பில் குழம்பு பட்ட நாலு விரல் அடையாளம்.

ஐந்தாவது கதிரை கதவுப் பக்கமாகத் திரும்பியிருந்தது. அவன் அப்படிப் போடவில்லை…

அறைக்குள் குளிர். ஆனால் கதிரையின் பக்கமிருந்து, சாப்பிட்டு முடித்தவன் விடுகிற மூச்சு மாதிரி, ஒரு சூடு.

பிறகு தட்டு நகர்ந்தது.

ஒரு விரலளவு. அவனை நோக்கி.

நின்றது.

இன்னும் ஒரு விரல்…

ஓடியிருக்க வேண்டும். ஆனால் சாப்பிட இருந்தவன் தட்டை நீட்டினால் போடாமல் விட வசீகரனின் கைக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த சட்டியிலிருந்து கை தானாகச் சோறு அள்ளிப் போட்டது. கரண்டி தட்டில் பட்ட அதே நேரம் எதுவோ அவன் மணிக்கட்டைப் பிடித்தது. நாலு விரல். கொதிக்கிற விரல்கள். இன்னும், இன்னும் என்று இழுத்தது.

உதறிக்கொண்டு நடைபாதையில் வந்து விழுந்தான்.

விழுந்த இடத்தில் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. குழுவின் முகாமையாளர் ஹெலன். அவளுக்குப் பின்னால் நாலு கிழவர்கள். அவள் திறந்த கதவைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"யார் பரிமாறியது?"

வசீகரன் மணிக்கட்டைப் பொத்திக்கொண்டான். காதுக்குப் பின்னால் தழும்பு எரிந்தது.

"நீ இல்லையென்றால் அந்த மேடைக்காரன். இப்போதே அவனை வெளியே அனுப்பச் சொல்கிறேன்."

நடைபாதையின் முடிவில் ஜெனாட் ஒன்றும் அறியாமல் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றான் வசீகரன்.

"முழுதாகச் சொல்."

"நான்தான் சாப்பாடு போட்டேன்."

"எத்தனை தரம்?"

"ரெண்டு."

அவள் திரும்பி நாலு பேரையும் பார்த்தாள். பாட்டுக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டான். கிட்டார்க்காரன் குனிந்து, வசீகரனின் முகத்துக்குக் கிட்ட வந்து, வெறுப்போடு மெதுவாகச் சொன்னான்:

"நன்றாகச் சாப்பிடுவான். நிறுத்திவிடாதே."

நாலு பேரும் உள்ளே போனார்கள். ஐந்தாவது கதிரையை மடக்கி வெளியே எறிந்தார்கள். கோழிக்கறி போதாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

ஆறு மணிக்கு மொனிக் வந்தாள். வேலை போயிற்று என்று வசீகரன் ஏப்ரனைக் கழற்றினான். "முறைப்பாடு ஒன்றும் இல்லை. இந்த வருஷம் முழுக்க நீதான்" என்றாள். முதன்முதலாக மெர்சியும் சொன்னாள்.

சட்டிக்காரனிடமிருந்து தப்பிவிட்டான். அது உண்மை. ஆனால் மறுநாள் பின்னேரம் 3.41க்கு அஹுன்ட்சிக் வீட்டு மேசையில் டக்… டக் டக்… என்று கேட்டது. சோறு போட்டுத் தட்டு வைத்தான். சத்தம் நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஐந்தாம் நாள், விசர் வேலை என்று வைக்காமல் விட்டான். அன்றைக்குத் துஷாந்தினி கையைப் பொத்திக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள்.

"அடுப்பில சுட்டுப்போட்டுதப்பா" என்றாள்.

அடுப்பு மூட்டியிருக்கவில்லை. மணிக்கட்டில் நாலு கோடு.

அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் தவறவில்லை.

பத்து நாள் கழித்து ஜெனாட் வந்தார். பழகத் தொடங்கிய பிறகு அவர் பகிடி விடாமல் வந்தது அதுதான் முதல் தரம். பொஸ்டன் மண்டபம் ஒன்றில் வேலை செய்கிற சிநேகிதன் ஒரு படம் அனுப்பியிருந்தான். மொன்றியலுக்கு அடுத்ததாகக் குழு பாடிய இடம் அது. அதே பட்டியல். சூடான சாப்பாடு. காளான் கூடாது. வெள்ளைத் துவாய் எட்டு. கடைசி வரி: நாலு கதிரை, நாலு தட்டு.

"அதுக்கென்ன அண்ணை, இங்க நடந்த பிறகு மாத்தியிருப்பாங்கள்."

"கீழ பார்" என்றார் ஜெனாட்.

அச்சடித்த தேதி இருந்தது. நவம்பர் 9. வசீகரன் சோறு போடுவதற்கு ஐந்து நாள் முன்பு. பொஸ்டன் சமையல்காரனுக்குப் பத்தாம் தேதியே அது கைக்குக் கிடைத்துவிட்டதாம்.

மொன்றியலில் அந்தக் குழுவுக்குச் சமைக்க வேறொருவன் இருந்தான். பதின்மூன்றாம் தேதி காலையில் அவன் தன் வீட்டுப் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். அன்று மத்தியானம்தான் மொனிக் யாரிடமோ கேட்டு வசீகரனின் இலக்கத்தை வாங்கினாள்.

ஒன்பதாம் தேதி, வசீகரன் என்று ஒருவன் இருப்பதே அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது.