மூன்று பெட்டிகளுக்கும் ஓய்வு

துளசி தீவிலுள்ள ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் கடல் பாலம் கடந்து எதிர்க்கரையிலுள்ள ஜுருவுக்கு வருவார். அங்கே ஒரு குளிர்கிடங்கில் பதினோரு வருட வேலை. கணினியைப் பள்ளியில் படித்தவரல்ல. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் கழித்துக்கட்டிய மின்னணுச் சாமான்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றவர்.

கிடங்கில் குளிர் குறைந்தால் மணியடிக்க மூன்று சின்னக் கணினிப் பெட்டிகளை வைத்திருந்தார். ஒன்று அலுவலகத்தில், ஒன்று லாரி வாசலில், ஒன்று தன் மேசையில். ஒன்று நின்றுபோனால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும். வேலை நடக்கும்வரை சுவரில் பச்சை விளக்கு எரியும். சோதனைக்காக ஒரு பெட்டியின் வயரைப் பிடுங்கிப் பார்த்தார். தண்ணீரும் ஊற்றிப் பார்த்தார். பச்சை மாறவில்லை.

கிடங்கில் இறால் வைத்திருக்கும் கம்பெனியின் நூருல் சோதித்துக் கையெழுத்திட்டால் இந்த ஏற்பாடு நிலைக்கும். இல்லாவிட்டால் முதலாளி நாதன் வெளியாட்களை அழைப்பார். துளசி பழையபடி இறால் பெட்டி எண்ணப் போகவேண்டியதுதான்.

நூருல் வந்தது ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. துளசி பச்சை விளக்கைக் காட்டிவிட்டு, தன் மேசைப் பெட்டியின் வயரைக் கம்பீரமாகப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. குளிரறைக் கதவை அகலத் திறந்து வைத்தும் மணி அடிக்கவில்லை.

அலுவலகத்துக்கு ஓடினார். பெட்டி சந்தனம் குங்குமத்தோடு அணைந்து கிடந்தது. கிளார்க் மீனாட்சி முதல்நாளே அணைத்துவிட்டிருந்தார்.

"பூச போட்ட சாமானுக்கு ரெஸ்ட் குடுக்கணும்லக்கா. இன்னும் ரெண்டு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

லாரி வாசல் பெட்டிக்கு மாலையே போட்டிருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சந்திரசேகரனும் அதே கணக்குப் போட்டு அணைத்திருந்தார். அவர் நம்பிய இரண்டில் மீனாட்சியின் பெட்டியும் ஒன்று.

இரண்டு பெட்டிகள் இல்லாதபோதும் விளக்கு ஏன் பச்சையாக இருந்தது என்று நூருல் கேட்டார். ஒன்று ஓடினாலே போதும் என்று விளக்கை அமைத்தது தன் தவறு என்று துளசி ஒப்புக்கொண்டு, மதியம்வரை நேரம் கேட்டார்.

மதியம் சுவரில் மூன்று விளக்குகள் இருந்தன, பெட்டிக்கு ஒன்றாக. பொத்தானை அழுத்தினால், மற்ற இரண்டும் ஓடுகின்றனவா என்று விசாரித்த பிறகே பெட்டி அணையும். மீனாட்சியின் பெட்டியை அணைத்துவிட்டு, சந்திரசேகரனிடம் அவருடைய பெட்டியின் பொத்தானை அழுத்தச் சொன்னார் நூருல். அவர் மூன்று முறை அழுத்தினார். பெட்டி அணையவில்லை, மணிதான் அடித்தது.

"லீவு கேட்டா கத்துதுலா," என்றார் சந்திரசேகரன். "நாதன் பாஸ் மாதிரியே."

நூருல் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். பூஜைக்கு ஒரு பெட்டி மட்டுமே ஓய்வெடுக்கலாம் என்று கீழே நிபந்தனையும் எழுதினார். அடுத்த வருடம் அது யாருடைய பெட்டி என்பதில் மீனாட்சிக்கும் சந்திரசேகரனுக்கும் அப்போதே வாக்குவாதம் தொடங்கிவிட்டது.