பச்சைப் பொத்தானும் என் கட்டைவிரலும்

கணினி சொல்படி இரும்பு கடையும் எங்கள் சிஎன்சி தொழிலில் தப்பு செய்ய ஒரு விநாடி போதும்; அது யார் செய்த தப்பு என்று பேசி முடிக்க ஒரு ஷிப்ட் முழுக்க வேண்டும். வில்லியனூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இருபத்தைந்து வருஷமாக புரோகிராமும் செட்டிங்கும் பார்க்கிறேன். மெஷினை ஓடவிடும் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறவர் நீங்கள் என்றால், இது நம் கதை.

நீளமான டூல்

போன கோடையில், துளை குடையும் டூலான போரிங் பாரை மாற்றினேன். பழையதைவிட இரண்டு விரற்கடை நீளம். புது நீளத்தை மெஷினில் பதிவு செய்யாமலே ஓட்டிவிட்டேன். மெஷின் பழைய நீளத்தை நம்பி முழு வேகத்தில் வந்து, கடைய மாட்டியிருந்த ஜாபில் மோதியது. அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கும், உங்களுக்கே தெரியும். மெஷின் ஒரு வாரம் படுத்தது. ஓனர் உடைந்த பாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா செல்வராசு, உனக்கும் நீளம் தெரியும், எனக்கும் தெரியும். மெஷினாண்ட யார்பா சொல்றது?"

ஐம்பதாவது பீஸ்

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. முதல் பீஸில் வேகத்தைக் குறைத்து, புரோகிராமை ஒவ்வொரு வரியாக ஓட்டி, டூல் ஜாபைத் தொடுவதற்கு முன் நிறுத்துவேன். இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று திரை காட்டும். டூலுக்கும் ஜாபுக்கும் நடுவில் ஸ்கேலை வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் பொத்தான். இதை நீங்களும் செய்யுங்கள்.

ஆனால் நான் எல்லாப் பீஸுக்கும் அதையே செய்துகொண்டிருந்தேன். இது கவனமா, பயமா? ஐம்பத்துநாலு வயதில் எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு, செய்த பீஸ்களை அளந்து பார்க்கும் வேலைக்கு, மாற்றிவிடச் சொல்லி ஓனருக்கு ஒரு கடிதம் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்து மெஷின் ஓட்டும் ஒதியம்பட்டு ஜெயந்தி நான் ஸ்கேலோடு நிற்பதை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "சார், அம்பதாவது பீஸ் சார். அதுக்கே வழி தெரியும், வுடுங்க."

சூடு

ஒரு நாள் ஷாப்ட் என்கிற சுழலும் தண்டைக் கடைந்ததும் அளந்தேன். அளவு கச்சிதம். அரை மணி கழித்துப் பேரிங்கை மாட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது. சூட்டில் பெருத்திருந்தது ஆறியதும் சுருங்கிவிட்டது. இது தெரியாதவனா நான்? தெரியும். அவசரம். ஜெயந்திதான் கேட்டாள்: "சூடா இருக்கசொல்ல இட்லியக்கூட ஊதி ஊதி சாப்புடறீங்க, இத்த மட்டும் ஏன் சார் உடனே அளக்கறீங்க?"

குருவிநத்தம் ஷாப்ட்

கடிதத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்த அன்று, குருவிநத்தம் விவசாயி ஒருவர் தேய்ந்துபோன பம்பு ஷாப்டோடு வந்தார். புதிது செய்ய ஒரே ஒரு கம்பி வாங்கி வந்திருந்தார். நாற்று பறித்தாகிவிட்டது, காலையில் நடவுக்கு ஆள் வருகிறார்கள், வயலில் தண்ணீர் இல்லை. லேத்காரர் லீவு. "சிஎன்சியில போடு" என்றார் ஓனர்.

அரை மில்லி கூடுதலாக வைத்துக் கடைந்தேன். ஆறவிட்டேன். அளந்தேன். மறுபடியும் அளந்தேன். இன்னும் 0.48 குறைக்க வேண்டும். கூடுதலாக வைத்த 0.5 திரையில் இருக்கிறது. மைனஸ் 0.48 தட்டி 'பிளஸ் இன்புட்' அழுத்தினால் அதோடு கணக்காகி 0.02 ஆகும். வெறும் 'இன்புட்' என்றால் இருந்தது அழிந்து புது எண் உட்காரும், ஷாப்ட் அரை மில்லி ஒல்லியாகிக் குப்பைக்குப் போகும். மைனஸ் போட்டு எண்ணைத் தட்டினேன். என் விரல் வெறும் 'இன்புட்' மேல் இருந்தது. அழுத்துவதற்கு முன் வழக்கம்போல் நின்று, திரையை வாய்விட்டுப் படித்தேன். விரலை எடுத்துவிட்டேன்.

சரியான விசையை அழுத்திக் கடைசி வெட்டு ஓட்டி, மறுபடியும் ஆறவிட்டேன். விவசாயிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா, நீ அளந்து முடிக்கறதுக்குள்ள நாத்து கட்டுலயே கதிர் வுட்டுடும்போல கீதே!"

லேசாகத் தட்டியதும் பேரிங் உட்கார்ந்தது. மறுநாள் காலை ஓனருக்கு விவசாயி போன் செய்தார். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம், நடவு ஆட்களின் பேச்சு. ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்கும் கேட்க வைத்தார் ஓனர். "தண்ணி வந்துடுச்சிபா. அடுத்த ஷாப்டையும் அந்தப் பயந்தாங்கொள்ளி ஆளாண்டயே குடு."

மாற்றல் கேட்டு எழுதிய கடிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் இப்போது டூல் நீளங்களைக் குறித்துவைக்கிறேன்.