அடுத்த காம்பராவிலிருந்து வந்த பால்

என் மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் மார்பில் பால் வற்றிப்போனது.

ஆண்களும் உட்கார்ந்திருக்கும் சபையில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்வதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். என் பெயர் எஸ்தர். மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசையான கடைசி லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் இருக்கிறேன். கொழுந்து எடுக்கிறவள்.

அது எழுபத்து நான்காம் வருஷம். இங்கே இருக்கிற பெரியவர்கள் யாரும் அந்தப் பஞ்சத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ரேஷன் கூப்பனுக்கு அரிசி பேருக்குத்தான் கிடைத்தது. மாவும் சரியாக வரவில்லை. லொறி ஃபாக்டரி வரைக்கும்தான் வரும். அங்கிருந்து எங்கள் லயத்துக்கு ஏற்றம். மழை பிடித்துக்கொண்டால் பாதை சேறாகி லொறியும் வராது. கீழே உள்ளவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைத்தது. மேலே எங்களுக்கு மூடுபனியும் காற்றும்தான். வல்லாரை, காட்டுக்கீரை, பலாக்கொட்டை என்று கையில் அகப்பட்டதை அவித்துத் தின்றோம். ஓடையோரத்துக் கீரையும் தீர்ந்துபோயிற்று. காலையில் சீனி இல்லாத தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனால் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். வயது போனவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். பெட்டி செய்யப் பலகை இல்லாமல் பாயில் சுற்றிப் புதைத்தோம்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் வவுனியாப் பக்கம் காடு வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதே புறப்பட்டுப் போனார். போனவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பிள்ளை பிறந்தது அவருக்குத் தெரியாது.

பிள்ளை பெற்ற கையோடு எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது பாலும் போய்விட்டது. மாவைக் கரைத்துக் காய்ச்சித் துணியில் நனைத்துக் கொடுத்தேன். குழந்தை கக்கிவிட்டது. தோட்டத்து மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பால்மா வந்து பல வாரம் ஆகிறது என்றார் அங்கிருந்த ஐயா. நல்லா சாப்பிட்டால் பால் தானாக ஊறும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் லயத்தில் வேதக்காரர்கள் நாங்கள் மட்டும்தான். மாதத்துக்கு ஒருமுறை பசறையிலிருந்து உபதேசியார் நடந்து வருவார். மற்ற நாட்களில் நானாகத்தான் ஜெபிப்பேன். அந்த வாரம் முழுக்க ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, பாலைக் கொடும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. புருஷனைக்கூடக் கேட்கவில்லை. குழந்தையை மார்பில் வைத்துப் பார்ப்பேன். அது சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தும். பிறகு கத்தவும் தெம்பில்லாமல் முனகத் தொடங்கியது. அப்போதுதான் நான் ஜெபத்தை மாற்றினேன். இவளை எடுப்பதானால் என்னையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் என்றேன். அதற்குப் பிறகு ஜெபிக்கவும் மனம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் மாரியாயியின் காம்பரா. அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு. மலையில் ஒரே நிரையில் கொழுந்து எடுப்போம், சிரித்துப் பேசுவோம். ஆனால் லயத்துக்கு வந்தால் அவர்கள் வேறு, நாங்கள் வேறு. அவர்கள் எங்களைவிட உயர்ந்த சாதி. எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அவளுக்கும் என்னோடு சேர்ந்தாற்போலத்தான் ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. வயிற்றுப்போக்கில் அது செத்துப்போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. அதன் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை.

அன்று பகல். எல்லோரும் மலைக்குப் போயிருந்தார்கள். இஸ்தோப்புத் திண்ணை முழுக்க மூடுபனி அடைத்துக்கொண்டு நின்றது. கதவு திறந்தது. மாரியாயி நின்றாள். தலை வாரவில்லை. ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"புள்ளயக் குடு எஸ்தரு" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது பயம்தான் வந்தது.

"ஒங்க வீட்டுல என்னா சொல்லுவாங்க?"

"அவுங்களுக்கா பால் கட்டி நோவுது? குடு."

நான் கொடுக்கவில்லை. அவளே குனிந்து குழந்தையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதலில் அது வாயைத் திறக்கவில்லை. அவள் ஒரு சொட்டை உதட்டில் தடவினாள். பிறகு பிடித்துக்கொண்டது. அந்தச் சின்னத் தொண்டை மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மாரியாயி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் வழிந்து குழந்தையின் தலையில் விழுந்தது. துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் பெருமாள் மலையிலிருந்து வந்து எங்கள் வாசலில் நின்றார். அவர் பார்த்தார். வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தன் பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அவர் அழவில்லை.

அன்றிலிருந்து மாரியாயிதான் என் பிள்ளைக்குத் தாய். லயத்தில் பலர் பலவிதமாகப் பேசினார்கள். அவளுடைய ஆட்கள் கொஞ்ச நாள் அவளைச் சேர்க்கவில்லை. அவள் நிறுத்தவில்லை. பெருமாளும் தடுக்கவில்லை. கிடைத்த மரவள்ளிக்கிழங்கில் பாதியை நான் அவளுக்குக் கொடுப்பேன். அவள் என் காம்பராவில், என் தட்டில் வைத்துச் சாப்பிட்டாள்.

உபதேசியார் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்பட்டு ஸ்தோத்திரம் சொன்னார். என் மனசில் முள்ளாகக் கிடந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"அய்யா, அப்ப அவ புள்ளய எடுத்துத்தான் ஆண்டவரு எம்புள்ளைக்குப் பால் குடுத்தாரா?"

அவர் வேதபுத்தகத்தை மூடி வைத்தார். "அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரலம்மா. எனக்குத் தெரியாது" என்றார். தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால் நான் விசுவாசத்தை விட்டிருப்பேனோ என்னவோ. தெரியாது என்று சொன்னதால் அவர் ஜெபத்துக்கு ஆமென் சொன்னேன். பிள்ளைக்குக் கிருபை என்று பேர் வைத்தோம்.

மழைக்காலம் முடிந்து சாமுவேல் திரும்பி வந்தார். மலேரியாவில் அரை உடம்பாகி வந்தார். அவரும் பிழைத்தார். அதுவும் கர்த்தர் செய்ததுதான். ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

சில வருஷம் கழித்து, இரண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்ததில், மாரியாயி குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அவர்கள் போக வேண்டும், நாங்கள் இருக்க வேண்டும். யாரும் எங்களைக் கேட்கவில்லை. வழியனுப்பப் பதுளை ஸ்டேஷனுக்குப் போனோம். மேடை முழுக்க ஒப்பாரி. ஒருவரை ஒருவர் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிருபை அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அப்போது மாரியாயி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அன்னைக்கு நா ஒன் வீட்டுக்கு வரக் கௌம்பல எஸ்தரு. ஓடைக்குப் போயிரலாமுன்னுதான் வெளிய வந்தேன். திரும்பி வர்ற நெனப்பு இல்ல. ஒம்புள்ள முனகுனிச்சு. எனக்குப் பால் சொரந்திருச்சு. அதுக்கு மேல கால் போகல."

ரயில் போய்விட்டது. மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாமுவேல்தான் தூக்கிவிட்டார்.

நான் எனக்குப் பால் ஊறவேண்டும் என்று ஜெபித்தேன். எனக்கு ஊறவே இல்லை. என் ஜெபம் பொய்த்துப்போனது என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், கர்த்தர் ஓடைக்குப் போகக் கிளம்பிய ஒருத்தியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் பிள்ளை ஏன் போனது என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதை அவரிடம் நேரில் கேட்பேன். ஆனால் சாகவிருந்த இரண்டு பேரை ஒருவரைக் கொண்டு ஒருவர் பிழைக்க வைத்தவர் அவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு லயத்தில் எந்த வீட்டில் பிள்ளை அழுதாலும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. யார், என்ன ஆள் என்று பார்க்காமல் போய்விடுவேன். கிருபை இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடம் முடித்துப் பதுளையில் படிக்கிறாள். மாரியாயி எந்த ஊரில் இருக்கிறாள், இருக்கிறாளா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

அருமையானவர்களே, உங்களில் யாராவது கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இருந்தால் நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். கேட்டது வராமல் வேறு யாராவது உங்கள் வாசலில் வந்து நின்றால், அவர் யார், எந்த ஜனம் என்று பார்த்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவள் நம் வேதத்தைச் சேர்ந்தவள் அல்ல. ஆனாலும் இன்று நீங்கள் முழங்கால் போடும்போது எனக்காக வேண்டாம், அவளுக்காக ஜெபியுங்கள். அவள் பேர் மாரியாயி.