நூலால் போட்ட வாய்ப்பூட்டு

"பொண்ணோட ஆயாவா?" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டபோது என் கையில் கேசரித் தட்டு இருந்தது. அதை அவள் தலையில் கவிழ்க்காமல் டீப்பாயில் வைத்தேனே, என் வாழ்க்கையில் நான் காட்டிய பெரிய பொறுமை அதுதான்.

என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கேட்டவள் மாப்பிள்ளையின் அம்மா, சென்னைக்காரி. என்னைப் பாட்டியாக்கிய அவளுக்கும் எனக்கும் ஒரே வயது என்று பிறகு தெரிந்தது. அவள் முகம் அப்போதுதான் தட்டிலிருந்து எடுத்த இட்லி மாதிரி வழவழவென்று இருந்தது. என் முகம் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிபன் கடை அடுப்புக்கு நேராகக் காலமெல்லாம் நின்ற முகம். கன்னம் இரண்டும் கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கும். தொங்கட்டும். அதை வைத்து நான் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை.

"பொண்ணோட அம்மாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஓ, சாரி" என்றாள். வாய்தான் சாரி சொன்னது. முகத்தில் எதுவுமே அசையவில்லை. அதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் இருப்பவளுக்கு யோசனை எங்கே வரும்?

அவர்கள் போனதும் என் தங்கைக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் சென்னையில் ஒரு தோல் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிறவள். நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, "நூல் போட்டா தூக்கிடலாம்க்கா" என்றாள்.

"எதைடி?"

"கன்னத்த. ஆபரேஷன் இல்ல, கத்தி இல்ல. ஊசியில நூல உட்டு, தோலுக்கு அடியில மேல இழுத்து உட்ருவாங்க. மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்குப் போய்டலாம்."

"சோறு துன்னலாமா?"

"கஞ்சி குடிக்கலாம்."

என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அரக்கோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். தினமும் ஊரார் கையில் ஊசி குத்துகிறவள். "அம்மா, அவங்களுக்குக் கண்ணு சரியில்லன்னு உட்டுடு. நீ இன்னிக்கு இழுத்துக்கினு வந்தீன்னா, நாளைக்கு என்னை எங்க இழுக்கலாம்னு பார்ப்பாங்க" என்றாள்.

"வாய மூடுடி" என்றேன்.

நான் அழகுக்காகப் போகவில்லை. கோபத்தில்தான் போனேன். இவ்வளவு கோபத்தில் போகிறவளுக்கு மரத்துப்போகிற ஊசி எதற்கு என்றுகூட நினைத்தேன். தேவைப்பட்டது.

கிளினிக்கில் காத்திருந்த பெண்கள் எல்லாரும் அக்கா தங்கைகள் மாதிரி இருந்தார்கள். ஒரே தையல்காரரிடம் ஜாக்கெட் தைத்தவர்கள்போல எல்லாருக்கும் ஒரே கன்னம். டாக்டர் என் மகள் வயதுப் பெண். என் முகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே பேசினாள்.

"நூல்ல சின்னச் சின்ன முள்ளு இருக்கும் ஆன்ட்டி. அது தோலை உள்ளயே பிடிச்சுக்கும். சில மாசத்துல நூல் கரைஞ்சிடும். அதுக்குள்ள தோல் கொஞ்சம் இறுகிக்கும்."

"அப்புறம்?"

"கொஞ்ச நாள் இருக்கும். அப்புறம் மறுபடி போட்டுக்கலாம்."

பஞ்சர் ஒட்டுகிறவன்கூட இதைவிடத் தைரியமாக வாக்குக் கொடுப்பான். நான் பிறந்தது அம்மையார்குப்பம். அங்கே தறிச் சத்தத்தில்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். அதனால், "நூல் அறுந்துச்சுன்னா?" என்று கேட்டேன்.

"ரொம்ப ரேர் ஆன்ட்டி. அறுந்தாலும் உள்ளயே கரைஞ்சிடும்."

"எங்க ஊர்ல அறுந்தா தறிய நிறுத்தி முடிச்சுப் போடுவாங்கம்மா."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது எனக்குச் சிரிக்க அனுமதி இருந்தது.

காதோரம் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். பிறகு கோணி ஊசி மாதிரி ஒன்று கன்னத்துக்குள் போனது. வலி இல்லை. ஆனால் சத்தம் கேட்டது. சாக்கு மூட்டையைத் தைக்கும்போது வருமே, அந்த நறநறப்பு, என் தலைக்குள்ளிருந்தே கேட்டது. நூலை மேலே இழுத்து நுனியைக் கத்தரித்துவிட்டு, கட்டளைகளைச் சொன்னாள். இரண்டு வாரத்துக்கு வாயை அகலமாகத் திறக்கக் கூடாது. கத்தக் கூடாது. பல் தெரியச் சிரிக்கக் கூடாது. மென்று தின்னக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. மாமியார் வீட்டுக்குப் போகிற புதுப்பெண்ணுக்கு அந்தக் காலத்தில் சொன்ன அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ரயிலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பினேன். எதிரே இருந்தவள், "பல்லு புடுங்கினியாம்மா?" என்றாள். தலையை ஆட்டினேன். அன்றைக்குத் தொடங்கியது இந்தத் தலையாட்டல்.

வாயில்லாமல் டிபன் கடை நடத்த முடியாது. தோசை ஊற்றுகிறவனை விரட்ட வேண்டும், பார்சல் கேட்கிறவனை அடக்க வேண்டும், கை கழுவும் இடத்தில் துப்புகிறவனைத் திட்ட வேண்டும். எங்கள் தெருவில் என் பெயரே வாயாடிதான். அப்படிப்பட்டவள் கன்னம் வீங்கி, காதோரம் ஊசிப்புள்ளியும் கன்றிப்போன நீலமுமாக, கரண்டியால் சைகை காட்டிக்கொண்டு நின்றால் யார் கேட்காமல் இருப்பார்கள்? முதல் நாளே ஒரு ஆட்டோக்காரன் கேட்டான்.

"அக்கா இன்னா பேச மாட்டேன்றாங்கோ?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் முழித்தார். கிளினிக் விஷயம் வெளியே போகக் கூடாது என்று நான்தான் மிரட்டி வைத்திருந்தேன். "வேண்டுதல்" என்றார்.

"இன்னா வேண்டுதல்?"

அது ஆடிக் கிருத்திகை நெருங்குகிற நேரம். தெருவெல்லாம் மஞ்சள் துணியும் காவடியும். அதைப் பார்த்த மனுஷர், "வாய்ப்பூட்டு" என்று சொல்லிவிட்டார்.

கன்னத்தில் குறுக்காகச் சின்ன வேல் ஒன்றைக் குத்திக்கொண்டு, பேசாமல் மலையேறிப் போய் முருகனைக் கும்பிடுவதற்கு எங்களிடம் வாய்ப்பூட்டு என்று பெயர். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. ஊசிக்குத்து இருந்தது, வீக்கம் இருந்தது, மௌனம் இருந்தது. முருகன் ஒருத்தன்தான் இல்லை. வாய்ப்பூட்டு கோயிலில் போடுவது, கடையில் இத்தனை நாளுக்கு முன்பே எதற்கு என்று ஒருத்தராவது கேட்டார்களா? பக்தி வந்துவிட்டால் கேள்வி வராது.

அதன்பிறகு கடையில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆட்டோக்காரர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த என் காலில் ஒருத்தி விழுந்தாள், மேலே சாம்பார் சிந்தியது, அதையும் பிரசாதம் மாதிரி துடைத்துக்கொண்டாள். வடையில் எண்ணெய் அதிகம் என்று தினமும் வந்து புலம்புகிற ரிட்டையர்டு ஆசாமி, வாய் பேசாமல் நான்கு வடை தின்றுவிட்டுக் கும்பிட்டுப் போனார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விபூதி கேட்டாள் ஒருத்தி. கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கிவிட்டதாம். மாத்திரையும் கொடுத்திருக்கிறாள்.

இத்தனை வருடம் நான் வாயைத் திறந்து சொன்ன நியாயம் ஒன்றையும் காதில் வாங்காத ஊர், நான் வாயை மூடினதும் என்னைச் சாமி ஆக்கிவிட்டது. பெண்பிள்ளை பேசாமல் இருந்தால் தெய்வம். கன்னம் வீங்கியிருந்தால் பெரிய தெய்வம்.

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வருஷா வருஷம் வேண்டிக்கலாம் போல இருக்குதேமே" என்றார். கரண்டியால் பதில் சொன்னேன்.

பக்கத்தில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் மட்டும் டீயை உறிஞ்சிக்கொண்டே என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "எந்த ஷெட்டுல உட்டீங்கோக்கா? டிங்கரிங் நல்லாதான் பண்ணிக்கிறான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினேன்.

கிருத்திகை அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் மலைக்கு வந்தார்கள். தரிசனம் முடித்து எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். டாக்டர் சொன்ன கெடு முடிய இன்னும் சில நாள் இருந்தது. திருவிழாவுக்கு வந்திருந்த என் தங்கைதான் எல்லாருக்கும் காபி கொடுத்தாள். வாசலில் தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர் விபூதிக்காக நின்றிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னை உற்றுப் பார்த்தாள். குனிந்து என் காதில், "எங்க பண்ணீங்க? எனக்குப் போன வருஷம் நூல் போட்டாங்க, சுருக்கத்துக்கு அப்பப்போ ஊசியும் போட்டுக்கறேன். ஃபர்ஸ்ட் ரெண்டு வாரம்தான் கஷ்டம்" என்றாள்.

அவள் முகம் ஏன் அசையவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் அவளை எனக்குப் பிடித்துக்கூடப் போனது. பாவம், இவளை எவள் ஆயா என்று கேட்டாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். "ஆடியில நல்ல பேச்சு எடுக்கக் கூடாது. ஆவணியில பேசிக்கலாம். ஆனா அதுக்குள்ள பொண்ணுக்கு ஒரு கோர்ஸ் முடிச்சுடணும். கலர் வர்றதுக்கு ஊசி இருக்கு. தாடையில லேசா ஒரு நூல். ஆல்பத்துல பையன் பக்கத்துல நிக்கறப்போ ஒரு மாதிரி தெரியக் கூடாது பாருங்க."

"ஊசி போடறதுதாங்க என் வேலை. போட்டுக்கறது இல்ல" என்றாள் என் மகள்.

"பெரியவங்க பேசறப்போ நீ பேசாதம்மா. அம்மா முடிவு பண்ணட்டும். அவங்களுக்கு இதெல்லாம் தெரியும்." என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். "வேண்டுதல்ல இருக்காங்க. வாயைத் திறக்க வேணாம். தலைய ஆட்டினா போதும்."

மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். தங்கை தன் கன்னத்தைத் தொட்டுக்காட்டி, "அக்கா, நூலு" என்று வாயசைத்தாள். மகள் என்னை மட்டும்தான் பார்த்தாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. போனில் அவனோடு பேசும்போது அவள் சிரிப்பதை நான் கேட்டிருக்கிறேன். நான் தலையை ஆட்டினால் அவன் கிடைப்பான். ஆனால் அவன் பக்கத்தில் நிற்கப்போவது வேறு ஒரு முகம். அதற்கு வழிகாட்டி நான்.

வாயைத் திறந்தேன். முழுசாகத் திறந்தேன். இடது கன்னத்துக்குள் டக்கென்று ஒன்று விட்டது. தறியில் வேலை செய்த வீட்டில் பிறந்தவளுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"முடியாது" என்றேன். அத்தனை நாள் அடைத்து வைத்த வாய் ஒரு சொல்லோடு நிற்குமா? "நீ ஆயான்னு கேட்ட. அந்த ஒரு வார்த்தைக்குப் புத்தி கெட்டுப் போய் என் மூஞ்சிய இழுத்துக்கினு வந்தேன். அது என் மூஞ்சி, என் புத்தி. எம் பொண்ணு மூஞ்சியில எது தொங்குதுன்னு நூலு? அவ கலரு அவளுது. ஆல்பத்துல ஒரு மாதிரி தெரியும்னா, உன் புள்ளைய ஆல்பத்த உட்டுட்டு இவளப் பார்க்கச் சொல்லு. இன்னும் போனத்தானே பாக்கறான்."

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். கொஞ்சம் தாமதம்.

"ஐயோ, வாய்ப்பூட்டு உட்டுப்போச்சே" என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி.

"பூட்டும் இல்ல, சாவியும் இல்ல. மெட்ராஸ்ல போய் மூஞ்சில நூல் உட்டுக்கினேன். போய் வேலையப் பாருங்க."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். அவளுக்கு நல்ல கோபம். கண்ணில் மட்டும்தான் தெரிந்தது. முகம் ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரியே இருந்தது. அந்த முகத்தோடே காரில் ஏறிப் போனாள்.

அன்று முழுக்க என் மகள் என்னோடு பேசவில்லை. பையனிடமிருந்து ஒரு செய்தி வந்ததாம், 'அம்மாகிட்ட பேசறேன்' என்று. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் என் இடது கன்னத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"ஆங். சொன்ன."

பையை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனாள். வாசல்வரை நானும் போனேன்.

நான் சொன்ன உண்மையை ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. வேண்டுதலைப் பாதியில் முறித்தாள், அதனால் முருகன் ஒரு கன்னத்தை இறக்கிவிட்டான் என்கிறார்கள். வலது கன்னம் மேலே, இடது கன்னம் கீழே. பார்த்துப் பயந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். அறுந்த பக்கத்துக்கு டாக்டர் இன்னொரு நூல் போட்டுத் தருவாள் என்று தங்கை நச்சரித்தாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

"லெஃப்ட் எறங்கிச்சேக்கா" என்றார் பாய்.

"ரைட்டும் எறங்கும், இரு" என்றேன்.

ரிட்டையர்டு ஆசாமி நேற்று வடையைக் காகிதத்தில் வைத்து அழுத்தி, "எண்ணெய் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன். என் வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து, டீத்தூள் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.