சீச்சாங் தீவில் பார்த்த மனிதர்

மலாக்காவின் காஜா பேராங்கில் என் எதிர்வீட்டுக்காரர், பல தலைமுறையாக அங்கேயே வாழும் செட்டி வம்சத்தவர். காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டி, வேண்டுதலை மலாயில் சொல்லுவார். தமிழ் தெரியாது. மலாக்காவுக்கு வந்து ஒன்பது வருஷமாகியும் அந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் ஒருநாள், "கம்போங் மானா?" என்று என் ஊரைக் கேட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்றேன். அவர் ஊரைத் திருப்பிக் கேட்டபோது காலால் தரையைத் தட்டிக் காட்டினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. கல்யாணமான ஏழாம் மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவன் நான். "ரெண்டு வருஷத்துல கூப்பிட்டுக்கறேன்" என்று காமாட்சியிடம் சொல்லிவிட்டு வந்தேன். நல்ல வீடு கிடைக்கட்டும், சம்பளம் உயரட்டும் என்று கடிதத்துக்கு ஒரு காரணம் எழுதினேன். பிறகு காரணம் எழுதுவதும் நின்றது. கடைசியில் கடிதமே நின்றது.

அந்த வருஷம்தான் நான் கணக்கப்பிள்ளையாக இருந்த அரிசி மண்டி, சரக்கு ஏற்றுவதைப் பார்த்துவர என்னைச் சயாமுக்கு அனுப்பியது. பாங்காக் ஆற்றின் முகத்துவாரத்தில் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் சீச்சாங் என்ற சின்னத் தீவருகே நங்கூரம் போட்டு நிற்கும். அரிசி படகில் அங்கே வந்து சேரும். இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்ததால் கரையைப் பார்க்கப் போனேன். படகுக்காரன் என்னைக் காட்டி, "கேக், கேக்" என்று மேட்டுப் பக்கம் கைநீட்டினான். தின்கிற கேக் விற்கிறார்கள்போலும் என்று நினைத்து, சாப்பிட்டாயிற்று என்று வயிற்றைத் தடவிக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மேட்டில் பழைய சயாம் ராஜாவின் கோடைக்கால அரண்மனை இருந்த இடம். வெள்ளைக் கைப்பிடிச் சுவர்கள், பாசி பிடித்த குளம், பெரிய பெரிய அரளி மரங்கள். படிகள் ஏறிப்போய் வெறும் மேடையில் முடிந்தன. "அரண்மனைய எங்கடா காணோம்?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"கழட்டிக் கொண்டு போயிட்டாங்க ஐயா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

புல்வெட்டும் அரிவாளோடு ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். தமிழ் கேட்டதில் அவர் முகம் அழுவதுபோல் ஆகிவிட்டது. பெயர் முனியன். மலாக்காவில் புக்கிட் காதில் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். சப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது லாரியில் ஏற்றப்பட்டவர். பேதியில் முகாமே செத்துக்கொண்டிருக்கையில் தப்பி ஓடி, படகுகளில் வேலை செய்து, இங்கே ஒதுங்கியிருக்கிறார். "இங்க நம்மாளுங்கள கேக்குன்னுதான் கூப்பிடுவாங்க. அதுக்கு விருந்தாளின்னும் அர்த்தமாம்" என்றார். பிரெஞ்சுக்காரன் போர்க்கப்பலோடு வந்து தீவைப் பிடித்ததும் ராஜா போய்விட்டாராம். பிறகு தேக்கு மாளிகையைப் பலகை பலகையாகப் பிரித்துப் பாங்காக்கில் நிறுத்திவிட்டார்களாம்.

"நீங்க ஏன் திரும்பி வரல?"

"எல்லை தாண்டக் காயிதம் இல்ல. மொதல்ல பயம். அப்புறம்..." அரிவாள் நுனியால் தரையைக் கீறினார். "இன்னிக்கி, நாளைக்கின்னு இருந்துட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது.

புறப்படும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பொஞ்சாதி லெட்சுமி. தனியா இருந்தா, நான் உசுரோட இருக்கேன்னு சொல்லுங்க. வேற ஆளோட இருந்தா சொல்லாதீங்க."

மலாக்கா திரும்பிய மறுவாரமே புக்கிட் காதிலில் விசாரித்துக்கொண்டு போனேன். தகர வீடு. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாளிடம், "லெட்சுமியம்மா நீங்கதானா? சயாமுக்குப் போன முனியன்..." என்று தொடங்கினேன். உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல், "யாரு லெட்சுமி?" என்றது.

"வழி கேக்கறாரு" என்றார் அந்த அம்மாள், என்னைப் பார்த்தபடியே.

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு நடந்தேன். ரோட்டு முனையில் அந்த அம்மாள் பின்னால் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"பாத்தீங்களா அவர?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததே பதிலாகிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "கருமாதி பண்ணிட்டேன் ஐயா. ரெண்டு புள்ளைங்களோட நான் என்ன பண்ணுவேன்? லெட்சுமி நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லவேணாம்."

அடுத்த அரிசிக் கப்பலில் போன தமிழ்ச் சமையற்காரரிடம் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தவரிடம், முனியன் என்ன கேட்டார் என்றேன். தலையாட்டிவிட்டுப் புல் வெட்டப் போய்விட்டாராம்.

மறுநாள் லீவு போட்டு, நானும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவந்த மலாயாக் குடியுரிமை மனுவைக் கொடுக்கப் போனேன். விலாசம் என்ற இடத்தில் காஜா பேராங் என்று எழுதி, அதன் கீழே ஊர்ப் பெயரையும் நெருக்கி எழுதியிருந்தேன். மலாய்க் குமாஸ்தா நல்ல பிள்ளை. "சத்து சாஜா, என்சே" என்று ஒரு விரலைக் காட்டி, மனுவையும் பேனாவையும் என் பக்கமே தள்ளினான். ஒன்றுதான் இருக்கலாம். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஊர்ப் பெயரை அடித்தேன். மை மறுபக்கம் வரை ஊறியது.

அன்று மாலை காமாட்சிக்கு எழுதினேன். இந்தத் தடவை காரணம் எதுவும் எழுதவில்லை. "உனக்கு இன்னும் மனமிருந்தால் புறப்பட்டு வா. இல்லையென்றால் அதையாவது எழுது" என்று மட்டும் எழுதினேன். பிறகு, காலையில் அடித்த அதே ஊர்ப் பெயரை, தபால்காரருக்குப் புரியவேண்டுமே என்று, உறையின் மேல் எழுத்தெழுத்தாக எழுதினேன்.