வைன் சுவைக்கப் போன இடத்தில்

கேட்டால் சொல்லிவிடுவது என் வியாதி. புடவை எப்படி என்று கேட்டால், கலர் எடுக்கவில்லை என்பேன். சாம்பார் எப்படி என்றால், உப்பு தூக்கல் என்பேன். கல்யாண விருந்துகளுக்குப் போகும்போது என் கணவர் காரிலேயே ஆரம்பித்துவிடுவார்: "யாரு எது கேட்டாலும் சூப்பர்னு மட்டும் சொல்லு லா. வேற ஒண்ணும் பேசாத." நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவேன். உள்ளே போனதும் யாராவது கேட்டுத் தொலைப்பார்கள்.

இந்த வாயால்தான் என் தோழியின் மகளுக்கு வந்த சம்பந்தம் நின்றுபோனது.

தோழி என்றால் சாதாரணத் தோழி இல்லை. கிள்ளானில் பள்ளியில் படிவம் ஒன்றிலிருந்து ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் கல்யாணமாகித் தலைநகரில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன், அவள் கிள்ளானிலேயே இருந்துவிட்டாள். அவளுடைய ஒரே மகள் என் மடியில் மூத்திரம் போன பிள்ளை. இப்போது ஒரு மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கிறாள். காஜாங்கிலிருந்து ஒரு வரன் வந்து, பெண் பார்த்து, ஜாதகமும் பார்த்து, நாள் குறிக்கிற கட்டத்துக்கு வந்திருந்தது.

ஒரு நாள் மதியம், நான் வேலை செய்யும் கிளினிக்கின் கவுண்டரில் இருந்தபோது பையனின் அம்மா போனில் கூப்பிட்டார். உங்கள் நம்பரை ஒருவர் கொடுத்தார், பெண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றார். நம் ஆட்களில் இது வழக்கம்தான். நாலு இடத்தில் ரகசியமாக விசாரிப்பார்கள், யார் நம்பர் கொடுத்தது என்று நாமும் கேட்பதில்லை. நான் அந்தப் பெண்ணை வாய் வலிக்கப் புகழ்ந்தேன். அத்தனையும் உண்மை. பிறகு அந்த அம்மா இரண்டு கேள்வி கேட்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விடச் சொன்னா விடுமாங்க?"

"விடாதுங்க. வேலைய விடச் சொன்னா கல்யாணத்தையே விட்டுடும்."

"முன்ன ஏதாச்சும் காதல் கீதல்னு…?"

இல்லை என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் வாய் கேட்கவில்லை. "ஒரு பையனோட மூணு வருஷம் பழகிச்சுங்க. வீட்டுக்கெல்லாம் தெரியும். ஒத்து வரல, விட்டுருச்சு. இந்தக் காலத்துல இதெல்லாம் சகஜம் லா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு "சரிங்க" என்று வைத்துவிட்டார். பத்து நாள் கழித்துத் தோழி கூப்பிட்டாள்.

"ஜாதகம் பொருந்தலயாம்டி. வேண்டாம்னுட்டாங்க."

இரண்டு ஜோசியர்கள் பார்த்துப் பொருத்தம் என்று சொன்ன ஜாதகம் அது. "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். அவளிடம் நான் ஒன்றை மறைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த எட்டு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கிள்ளான் பக்கமே போகாமல் சாக்குச் சொன்னேன். தீபாவளிக்கு மட்டும் தப்ப முடியவில்லை. போய், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல், பாயசத்தைக் குடித்துவிட்டு ஓடிவந்தேன். அந்தப் பெண் வழக்கம்போல "ஆன்டி சாப்டீங்களா" என்று வாட்சப்பில் கேட்கும்போதெல்லாம் ஆமாம் என்று ஒரு சொல் தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்துவைப்பேன். ரத்த அழுத்த மாத்திரை ஒன்று இரண்டானது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பா காரணம்?

இந்த நிலைமையில்தான் அந்தப் பெண், அம்மாவின் பிறந்தநாள் பரிசு என்று சொல்லி, கோம்பாக் தாண்டி பெந்தோங் போகும் வழியில் மலைமேல் ஒரு விடுதியில் எங்கள் இருவருக்கும் அறை போட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாள், வைன் சுவைத்துப் பார்க்கும் நிகழ்ச்சியோடு. பிள்ளை பெற்ற சமயத்தில் மருந்து என்று ஊற்றிக் கொடுத்த பிராந்தியைத் தவிர எனக்கும் மதுவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மாட்டேன் என்றேன். "அம்மாகூட வேற யாரு ஆன்டி போவாங்க?" என்றாள். யாருடைய வாழ்க்கையைக் கெடுத்தேனோ அவளே இப்படிக் கேட்டால் என்ன செய்வது? அங்கே வைத்துத் தோழியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சொன்னாலும் சரி, இப்படிச் செத்துச் செத்துப் பிழைக்க முடியாது.

சண்டை வந்தால் திரும்பி வர வண்டி வேண்டுமே என்று என் காரை எடுத்தேன். அவள் கொமுட்டர் ரயிலில் வந்து கே.எல். சென்ட்ரலில் இறங்கினாள். அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான், சண்டை வந்தாலும் அவளையும் நான்தான் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்பது உறைத்தது.

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பையிலிருந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், முறுக்கு, பிளாஸ்க் எல்லாம் வெளியே வந்தன. நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

"என்னடி, வாயில கொழுக்கட்டையா?"

"மலை ரோடு. கவனமா ஓட்டணும்" என்றேன். இன்னும் மலையே வரவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வைன் வகுப்பு. நீளமான மேசையைச் சுற்றி எட்டுப் பேர். இரண்டு சீனத் தம்பதிகள், ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு இளம்பெண்கள், நாங்கள் இருவர். நடத்தியவர் வழுக்கைத் தலைச் சீனர், நல்ல சிரிப்பு, எல்லாரோடும் ஆங்கிலத்தில் பேசினார். கிளாஸை எப்படிச் சுழற்றுவது, மூக்கை எவ்வளவு உள்ளே விடுவது, வாயில் எப்படி உருட்டுவது என்று செய்து காட்டினார். கடைசியில் ஓர் உலோகக் குவளையில் துப்பினார்.

"துப்புறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று தோழி என் காதில் முணுமுணுத்தாள். நாங்கள் துப்பவில்லை.

முதலில் வெள்ளை வைன். என்ன வாசனை வருகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். மேசையில் இருந்த வாசனைப் பட்டியல் அட்டையைப் பார்த்து ஒருவர் ஆப்பிள் என்றார், ஒருவர் பேரிக்காய் என்றார், இளம்பெண்கள் ஏதோ பூ என்றார்கள். தோழி "நைஸ், வெரி நைஸ்" என்றாள். அவள் வாயில் எப்போதும் அதுதான் வரும். என் முறை வந்தது.

"மழையில நனைஞ்ச பழைய பேப்பர் மாதிரி இருக்கு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தோழி என் காலை மிதித்தாள்.

அவர் என் கிளாஸை வாங்கி முகர்ந்தார். முகம் மாறியது. பாட்டிலை எடுத்து முகர்ந்தார். பிறகு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். கார்க் கெட்டுப்போனால் வைனில் இந்த வாடைதான் வருமாம், நனைந்த அட்டைப்பெட்டி வாடை. அவசரத்தில் தாம் முகர்ந்து பார்க்காமல் ஊற்றிவிட்டதாக ஒப்புக்கொண்டார். கிளாஸ்களைச் சேகரித்துக் கொட்டிவிட்டுப் புது பாட்டில் திறந்தார். ஆப்பிளும் பேரிக்காயும் சொன்னவர்கள் எங்கேயோ பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டிலையும் திறந்ததும் முதலில் என்னிடம்தான் நீட்டினார். "ஆன்டி, ஓகேவா?" என் வாயைத் திறக்கச் சொல்லி ஒருவர் கெஞ்சுவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. சிவப்பில் ஒன்று எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது, அதையும் சொன்னேன்.

ஐந்து மணிக்கு எங்கள் அறைக்கு வெளியே இருந்த வராந்தாவில் முறுக்கோடு உட்கார்ந்தோம். எதிரே மலையை மூடி மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. குடித்த வைனில் உடம்பு லேசாகச் சுட்டது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"அந்த காஜாங் சம்பந்தம் நின்னது என்னாலதான்டி" என்றேன். போன் வந்ததையும், கேட்டதையும், நான் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

அவள் வாயிலிருந்த முறுக்கை மென்று முடித்தாள். "தெரியும்டி."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒன் நம்பரக் குடுத்ததே நான்தான்."

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். அந்த வரனைக் கொண்டு வந்தது அவளுடைய நாத்தனார். என் தோழியின் கணவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா. அந்த அக்கா சொல்லுக்கு அவர் மறுசொல் சொன்னதே கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா பெண்ணின் சம்பளத்தைக் கேட்டிருக்கிறார், மருமகள் வீட்டோடு இருப்பதுதான் தங்கள் குடும்ப வழக்கம் என்றும் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே பெண் இந்த வரன் வேண்டாம் என்றுவிட்டாள். ஆனால் இவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அக்கா வாசப்படி மிதிக்க மாட்டார். அந்தப் பக்கமே வேண்டாம் என்று சொன்னால்தான் உண்டு.

"பொண்ணப் பத்தி யார்ட்ட விசாரிக்கலாம்னு கேட்டு விட்டாங்க. வேற யார் நம்பரக் குடுத்தாலும் பொண்ணு தங்கம், வைரம்னு அளந்துவிட்டுருப்பாங்க. நீ ஒருத்திதான் உள்ளதச் சொல்லுவ. ஆன்டி நம்பரக் குடும்மான்னு சொன்னதே என் பொண்ணுதான்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த முறுக்கை வராந்தாவைத் தாண்டி வீசினேன். "எட்டு மாசம்டி! எட்டு மாசமா நான் தூங்கல. மாத்திர ரெண்டாயிருச்சு. முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா? தீபாவளிக்கு வந்தப்ப என் நாத்தனார் ஒன் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்க கேட்டிருந்தா நீ மறைச்சிருப்பியா?"

மறைத்திருக்க மாட்டேன்.

"ஆனா நீ இப்படி மனசுல போட்டுக் கொழப்பிக்குவன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுடி. எதையும் உள்ள வெக்காத ஆளு நீ. வரல, போன் பண்ணலன்னா வேல ஜாஸ்தின்னு நெனச்சேன். தப்புதான். மன்னிச்சிரு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

நான் அழுதேன். அவமானமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது. அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை நான் கெடுக்கவில்லை என்பதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் அவளோடு பேசாமல் இருந்தேன், அதற்கு மேல் பசித்தது. சாப்பிட்டுப் படுத்தவள் காலையில் அவள் உலுக்கிய பிறகுதான் எழுந்தேன். விடுதியே அதிரக் குறட்டை விட்டேனாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை என்ற பெயரில் அவர்கள் கொடுத்த ஏதோ ஒன்றைத் தின்றுகொண்டிருந்தபோது அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"இப்ப இன்னொரு எடம் வந்திருக்குடி. ஸ்ரீ கெம்பாங்கான். பையனும் பொண்ணும் ரெண்டு தடவ பாத்துப் பேசிட்டாங்க. அவங்க அம்மா விசாரிக்கணும்னு கேட்டாங்க. ஒன் நம்பரத்தான் குடுத்திருக்கேன்."

தட்டைத் தள்ளி வைத்தேன். "மொதல்ல ஒண்ணு சொல்லு. இந்தப் பையன ஒங்களுக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. என் பொண்ணுக்கும்தான்."

"அப்ப நான் என்ன சொல்லணும்?"

"அன்னிக்குச் சொன்னதையே சொல்லு. அதக் கேட்டும் வேணும்னா வரட்டும்."

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் போன் வந்தது. ஸ்ரீ கெம்பாங்கான் அம்மா. கவுண்டரை விட்டு எழுந்து, மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பேசினேன். அவரும் கடைசியில் அந்தக் கேள்விக்கே வந்து சேர்ந்தார். அன்று சொன்னதையே, அதே மூன்று வருஷத்தையே சொன்னேன். அதே மாதிரி அந்தப் பக்கம் சத்தமில்லை. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சிஸ்டர்," என்றார் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தி. "எங்க பையனுக்கும் ஒண்ணு இருந்துச்சு. நாலு வருஷம். அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருக்கேன். நீங்களே பொண்ணோட அம்மாகிட்டச் சொல்லிடறீங்களா?"

உடனே கிள்ளானுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். நான் சொல்லி முடித்ததும் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். இத்தனை நாளும் அவள் எவ்வளவு பயந்துபோயிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நாலு வருஷமா?" என்றாள்.

"நாலு."

"நம்மளுக்கு மூணுதானடி."